பெயர் நீளமா, பாதை நீளமா? காப்பி ஆகாத ஃபைல்கள்: கேள்வி பதில்

சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். "பெயர் நீளம் என்று சொல்லி ஃபைல் காப்பி ஆகாமல் நிற்கிறதா? கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பாரிமுனை, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா: சார், கட்சிக்காரர்களின் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போது பாதியில் நின்று 'டெஸ்டினேஷன் பாத் டூ லாங்' என்கிறது. ஃபைல் பெயர் 30 எழுத்துகூட இல்லையே?

ஃபைல் மேல் குற்றமில்லை சார். விண்டோஸ் எண்ணுவது பெயரை மட்டுமல்ல. டிரைவ் எழுத்தில் தொடங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டர் பெயரும், நடுவே வரும் சாய்கோடுகளும், கடைசிப் 'பிடிஎஃப்' வரைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. அந்த மொத்தத்துக்கு உச்சவரம்பு 260. அதிலும் ஒன்று கண்ணுக்குத் தெரியாத முற்றுக்குறிக்குப் போய்விடும், நமக்குக் கிடைப்பது 259. நம்ம ஊர் முகவரி மாதிரிதான்: வீட்டு எண் சின்னது, ஆனால் பழைய எண், புதிய எண், மூன்றாவது குறுக்குத் தெரு, இரண்டாவது மெயின் ரோடு என்று எழுதி முடிப்பதற்குள் கவரில் இடம் தீர்ந்துவிடும்.

உங்கள் டிஸ்க்கில் 'ஆபீஸ் முழு பேக்கப் புதியது' என்கிற மாதிரி ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் போட்டிருப்பீர்கள். ஏற்கெனவே 240-இல் நின்ற பாதை அங்கேயே வரம்பைத் தாண்டிவிடும். மேலே உள்ள ஃபோல்டர்களைச் சுருக்குங்கள். 'கட்சிக்காரர்களின் ஆவணங்கள்' என்பதை 'ஆவணம்' என்றால் போதும். ஒன்றைச் சுருக்கினால் அதற்குள் இருக்கும் ஆயிரம் ஃபைலும் சேர்ந்து சுருங்கும். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் மாற்ற உட்கார்ந்துவிடாதீர்கள்.

வேளச்சேரி, ஐடி கம்பெனி ஊழியர்: அண்ணா, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில், நீளப் பாதையை அனுமதிக்கும் 'லாங்பாத்ஸ்எனேபிள்டு' மதிப்பை 1 ஆக்கினேன், ரீஸ்டார்ட்டும் செய்தேன். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதே எரர்.

வரத்தான் செய்யும் தம்பி. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் வந்த வசதி அது. ஆனால் அந்தந்த மென்பொருளும் 'எனக்கு நீளப் பாதை ஒத்துக்கொள்ளும்' என்று தன் பங்குக்கு அறிவித்திருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் அந்தப் பட்டியலில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோரும் ரெஜிஸ்ட்ரியையே முதல் மருந்தாகச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை.

கமாண்ட் பிராம்ப்ட்டில், விண்டோஸிலேயே இருக்கும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி போடு. கட்டளை, மூல ஃபோல்டர், சேரும் ஃபோல்டர், கடைசியில் சாய்கோடும் ஆங்கில 'இ' எழுத்தும் (/E). பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி மறக்காதே. நீளப் பாதையை அது தானாகவே சமாளிக்கும். ஒன்று மட்டும்: போய்ச் சேர்ந்த இடத்திலும் பாதை நீளம்தானே, அங்கே டபுள் கிளிக் செய்தால் திறக்காமல் முரண்டு பிடிக்கலாம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: மார்கழிக் கச்சேரிப் பதிவுகளைத் தமிழில் பெயரிட்டு வைத்திருக்கிறேன்: ராகம், கீர்த்தனை, பாடியவர், பக்கவாத்தியம், சபா, தேதி எல்லாம் பெயரிலேயே. விண்டோஸில் நன்றாக இருந்தது. மருமகன் உபுண்டு (லினக்ஸ்) போட்டுக் கொடுத்த லேப்டாப்பில் சில ஏறவில்லை. பெயரைச் சுருக்கினால் பக்கவாத்தியக்காரர் விவரம் போய்விடுமே?

சார், இது பாதைத் தகராறு இல்லை, உண்மையிலேயே பெயர்த் தகராறு. ஒரு பெயருக்கு விண்டோஸிலும் 255தான், லினக்ஸிலும் 255தான். ஆனால் விண்டோஸ் எண்ணுவது எழுத்துக் குறிகளை, லினக்ஸ் எண்ணுவது பைட்டுகளை, அதாவது அந்தக் குறிகள் பிடிக்கும் சேமிப்பு இடத்தை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. அதோடு, நாம் ஓர் எழுத்தாகப் படிக்கும் 'கி' கம்ப்யூட்டருக்கு 'க' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறி. புள்ளியும் தனிக் குறிதான்.

'வில்லங்கச் சான்று' என்று எழுதுங்கள். கண்ணுக்கு 9 எழுத்து. விண்டோஸ் கணக்கில் இடைவெளியோடு 17. லினக்ஸில் 49 பைட்! ஆக, தமிழ்ப் பெயருக்கு அங்கே 85 குறிதான் இடம், படிக்கிற கணக்கில் ஏறக்குறைய 45 எழுத்து. மருமகன் ஹோம் ஃபோல்டரை ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டியிருந்தால் வரம்பு 143 பைட் அளவில் நிற்கும், அதாவது தமிழில் 47 குறி.

பெயரில் தேதியும் கீர்த்தனையும் மட்டும் விடுங்கள். பாடியவர், வயலின், மிருதங்கம், சபா எல்லாவற்றையும் எம்பி3-க்குள்ளேயே விவரம் எழுத இருக்கும் டேக் என்ற பகுதியில் ஏற்றலாம். கமென்ட் என்ற கட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஃபைல் எங்கே போனாலும் கூடவே போகும், தேடினாலும் கிடைக்கும். தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம் சார், அந்த யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெரம்பூர், கல்லூரி மாணவி: ஜிப் ஃபைலை விரித்தால் 0x80010135 என்று வருகிறது அண்ணா.

அதே பாதை நீளம்தான் மா. டவுன்லோட்ஸுக்குள் விரிக்காதே. சி டிரைவில் ஒரே எழுத்தில் ஃபோல்டர் செய்து அதில் விரி.

அம்பத்தூர், லேத் பட்டறை: காப்பி வேண்டாம் சார், ஒரு பழைய ஃபோல்டரை அழிக்கவே முடியவில்லை.

இதுவும் பாதை நீளமாகத்தான் இருக்கும். ஜிப் விரிக்கும் மென்பொருளான 7-ஜிப் இருந்தால் அதன் ஃபைல் மேனேஜரில் போய் ஷிஃப்ட், டெலீட் அழுத்துங்கள். இணையத்தில் ரோபோகாப்பியின் 'மிரர்' வழியைச் சொல்வார்கள்: காலி ஃபோல்டர் ஒன்றை மூலமாகக் காட்டி, அதன் நகலாக இதை மாற்றச் சொல்வது. வேலை செய்யும். ஆனால் சேருமிடத்தைத் தப்பாக அடித்தால் அந்த இடம் துடைத்துவிட்டது போல் ஆகும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. ஒருமுறை நானே என் சொந்தப் படங்களை இப்படித் தொலைத்தேன்.

வடபழனி, கல்யாண வீடியோ எடிட்டர்: பெயரை 'ஏ' என்று ஒரே எழுத்தாக மாற்றியும் பென் டிரைவில் ஏறவில்லை. 6 ஜிபி வீடியோ. புது டிரைவ் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய டிவியில் போட்டுக் காட்டக் கேட்டிருந்தால் மட்டும், அந்த டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.