துப்பாக்கி துடைக்கும் சால்வென்டை வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா?

கேட்டவர் கேட்டிருப்பது இதுதான்: பேரல், அதாவது துப்பாக்கிக் குழல் துடைக்க விற்கும் வெளிநாட்டு சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) விலை கட்டுபடியாகவில்லை. மண்ணெண்ணெய், அசிட்டோன் வைத்து வீட்டிலேயே கலந்துகொண்டால் துப்பாக்கி கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது. நான் பல வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் முதல் தடவை கலந்தபோது அப்பாவின் துப்பாக்கியை நானே பாழாக்கினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா அல்லது தாத்தா வழியில் வந்ததாக இருக்கும். என்னுடையதும் அதுதான். அப்பா ராணுவத்தில் இருந்தவர், வெலிங்டனில் பயிற்சி. நானும் அங்கேதான் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெற்று வந்து ஒரு வங்கியில் செக்யூரிட்டி கார்டாக வேலை பார்த்தேன். அப்பா போன பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி, அந்தத் துப்பாக்கியைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "வீட்டில் எதற்குத் துப்பாக்கி" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அதை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

அப்பா காலத்து ராணுவ .303 ரைஃபிளுக்குக் கொதிக்கிற தண்ணீர்தான் மருந்து. சுட்டு முடித்ததும் புனல் வைத்துப் பேரலுக்குள் வெந்நீர் ஊற்றுவார்களாம். சின்ன வயதில் நான் நம்பவில்லை, இரும்பில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டேன். பின்னால்தான் காரணம் புரிந்தது. அந்தக் காலத் தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பேரலில் படிவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாகக் காயவைத்து, புல்த்ரூ என்ற இழுப்புக் கயிற்றில் கந்தல் துணி கோத்து இழுத்து, எண்ணெய் போட்ட பிறகுதான் கோத்தில், அதாவது ஆயுத அறையில் ஒப்படைப்பார்கள். பழைய ராணுவத் தோட்டா யார் சுட்டாலும் இன்றைக்கும் இதுதான் முறை. எந்தக் கலவையும் இதற்கு ஈடாகாது.

சரி, கலவைக்கு வருகிறேன். அமெரிக்காவில் எட் ஹாரிஸ் என்பவர் பெயரில் 'எட்ஸ் ரெட்' என்று ஒன்று பிரபலம். மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட், அசிட்டோன், அப்புறம் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். நாலும் சம பங்கு. அந்த எண்ணெயின் நிறத்தால்தான் 'ரெட்'. இதுவும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. அங்கே ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதக் கிடங்கில் புழங்கிய பழைய கலவையைக் கொஞ்சம் மாற்றியதுதான். பழையதில் திமிங்கில எண்ணெய் இருந்தது, அந்த இடத்தில் இவர் கியர் எண்ணெயைப் போட்டார்.

நான் செய்த தப்பு ஒரே ஒரு டப்பாவில். 2016 சட்டமன்றத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த துப்பாக்கி, தேர்தல் முடிந்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது உள்ளே துரு. பதறிப்போய் அன்றைக்கே சாமான் வாங்கப் போனேன். மினரல் ஸ்பிரிட் என்றால் கடைக்காரருக்குத் தெரியவில்லை. "பெயின்ட்ல கலக்குறதா? தின்னர்தானே" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அது என்.சி. தின்னர். டொலுயீன், அசிட்டேட் என்று கடுமையான சரக்கெல்லாம் உள்ளது. நம் ஊரில் கேட்க வேண்டியது மினரல் டர்பன்டைன், எம்.டி.ஓ. என்று சொல்வார்கள். எனாமல் பெயின்டுக்கு ஊற்றுவது. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கலந்து, பேரலைத் துடைத்து, நனைந்த துணியைத் துப்பாக்கியின் மரக் கட்டையின் மேலேயே போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் துணி இருந்த இடம் முழுக்க வெளுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. அரக்கைக் கரைத்து, பஞ்சுத் துணியால் தேய்த்துத் தேய்த்து அப்பா தன் கையால் போட்ட பாலிஷ் அது. அவர் கன்னம் பதிந்து தேய்ந்த இடத்தையும் சேர்த்து உரித்துவிட்டது. ஆசாரி ஒருவர் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு மனசு வரவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். எம்.டி.ஓ. வாங்கியிருந்தாலும் அசிட்டோன் பாலிஷைக் கெடுக்கத்தான் செய்யும். ஆகவே குழலைத் தனியாகக் கழற்றி, கட்டையை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் மூடியையே திறக்க வேண்டும்.

அசிட்டோனை வீட்டுக்குள் திறக்காதீர்கள். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பில் பற்றும். வெளியே, நிழலில், காற்றோட்டத்தில் கலக்குங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றக் கூடாது, இறுக்கி மூடும் தகர டின் வேண்டும். மூடி சரியில்லை என்றால் முதலில் பறந்துபோவது அசிட்டோன்தான். எனக்கு வயதாகிவிட்டது, மூச்சு முட்டுகிறது என்று இப்போது அசிட்டோனை விட்டுவிட்டேன். மற்ற மூன்றை மட்டும் கலக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கலவை வெடிமருந்துக் கரியை எடுக்கும். ஈயத்தைக் கரைக்காது, அதற்குப் பித்தளைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரைஃபிள் பேரலில் ஒட்டும் செம்பும் இதற்கு அசையாது. துரு ஏறிக் குழி விழுந்திருந்தால் அந்தக் குழி நிரந்தரம். தேங்காய் எண்ணெய் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மார்கழிக் குளிரில் உறைந்து பிசினாகிவிடும், வேண்டாம்.

கடைசியாக, கேட்காத ஒன்று. எனக்கு வந்த துரு சுட்டதால் வந்ததில்லை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். உத்தரவு, ஒப்படைத்தேன், குறை சொல்லவில்லை. காவல்துறையில் எனக்கு நண்பர்களும் உண்டு. ஆனால் இரண்டரை மாதம் சாக்கில் சுற்றி ஈரச் சிமென்ட் தரையில் போட்டு வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் ஒரு புள்ளி துரு இல்லாமல் அப்பா வைத்திருந்த குழல் அது. கேட்டதற்கு "ரசீதுல நம்பர் சரியா இருக்கா, பாருங்க" என்றார்கள். இப்போது ஒப்படைப்பதற்கு முந்தின நாள் குழலுக்குள் கெட்டியாகக் கிரீஸ் பூசிவிடுகிறேன். வெளிச்சத்தில் குழலைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறேன். 'உட்புறம் துரு இல்லை' என்று ரசீதில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். 2021இல் எழுதிக் கொடுத்தார்கள், 2024இல் மறுத்துவிட்டார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.