ஓடை கடக்கிற ஜீப்புக்கு எந்தக் கிராஸ்?

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்துக்குப் பழைய ஃபோர் வீல் ஜீப்பில் தினமும் போகிறேன். வழியில் இரண்டு ஓடை. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட் (மடங்கிச் சுழல விடும் மூட்டு) ஒரே வருடத்தில் இரண்டாம் தடவை போய்விட்டது. கடையில் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் வாய்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு கிராஸ் (மூட்டின் நடுவில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு) காட்டுகிறார்கள். எதை வாங்க?

பதில்: நிப்பிள் உள்ளதையே வாங்குங்கள். மற்றது பலம் கூடியது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், கிரீஸ் போக உள்ளே துளை இல்லாததால் முறுக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உங்கள் ஜாயிண்ட் முறுக்கில் போனதா? பழைய கிராஸ் கையில் இருந்தால் அதன் கால் நுனியில் மாட்டியிருக்கும் ஒரு கப்பை (ஊசி பேரிங் உள்ள கிண்ணம்) உருவிப் பாருங்கள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரிச் சிவந்த தூளும், கிராஸின் காலில் நகத்துக்குத் தட்டுப்படுகிற வரிப்பள்ளமும் இருந்தால் தண்ணீர்தான் அதைத் தின்றிருக்கிறது. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் நம்முடையது. சீல் கொஞ்சம் தேய்ந்தாலே சேற்றுநீர் உள்ளே போய்விடும். போனதை வெளியே தள்ள நிப்பிள்தான் வழி. லித்தியம் இ.பி. 2 (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸை நான்கு கப் ஓரத்திலும் புதுசாகப் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் அது தண்ணீர்; நிறம் தெளியும்வரை விடாதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்ய முடியாதென்றால் நிப்பிள் இருந்தும் பயனில்லை.

அப்புறம் அளவு. வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்காதீர்கள். பழைய ஜீப்பில் ஷாஃப்ட் எத்தனை கை மாறியதோ! வெர்னியர் வைத்துக் கப்பின் விட்டத்தையும் கிராஸின் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஸ்பைசர் கம்பெனி சைஸ்களில் 1310, 1330 இரண்டுக்கும் கப் 27 மி.மீ.தான், அகலம் மட்டும் 81.8, 92.1 என்று மாறும். கப்பை நகராமல் பிடிக்கும் லாக் வளையம் வெளிப்பக்கம் என்றால் எதிரெதிர்க் கப்புகளின் வெளிமுகத்துக்கு வெளிமுகம் அளக்கணும். உள்பக்கம் என்றால் லாக் காடிகளுக்கு இடையே. பெரிய சைஸுக்கு மாற்ற ஆசைப்பட வேண்டாம். கிராஸ் முறிந்தால் தோட்டத்திலேயே மாற்றலாம். அது தாங்கிக்கொண்டால் அடி ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களுக்குப் போகும்.

இரண்டு தடவை போயிருப்பதால் எனக்கு யோக் (கப்புகள் இறங்கும் காதுகள் உள்ள கவை) மேலும் சந்தேகம். புதுக் கப்பைக் கையால் தள்ளினாலே யோக் காதுக்குள் இறங்குகிறதா? அப்படியானால் துளை அகன்றுவிட்டது, யோக்கை மாற்றாமல் எந்தக் கிராஸும் நிற்காது. வைஸில் வைத்து அழுத்தித்தான் இறங்கணும். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஊசி ஒன்று சரிந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும். லாக் காடியில் உட்கார மறுத்தால் காரணம் பெரும்பாலும் அந்த ஊசிதான். உருவிச் சரிசெய்து மறுபடி இறக்குங்கள்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்லிப் பகுதியில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். இரு முனை யோக்கும் ஒரே நேரில் இல்லாவிட்டால் வண்டி அதிரும். கிரீஸ் கன் வாய் நிப்பிளை எட்டுகிறதா என்பதையும் லாக் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.