போரோடினோ: ஆகஸ்ட் 26-ஆ, செப்டம்பர் 7-ஆ?

வணக்கம். 'போரும் அமைதியும்' வானொலி நாடகத்தில் (நெப்போலியன் படையும் ரஷ்யப் படையும் மோதிய) போரோடினோ சண்டை ஆகஸ்ட் 26, வரலாற்று நிகழ்ச்சியில் செப்டம்பர் 7 என்று கேட்டுக் குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் 1812-இன் ஒரே நாள்தான்.

ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் அது நாம் இன்று பயன்படுத்துவதற்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. நாடகத்தின் மூல நாவலை எழுதிய டால்ஸ்டாய் ரஷ்யத் தேதியையே எழுதினார். அதோடு 12 கூட்டிக்கொள்ளுங்கள். கதாநாயகர்களில் ஒருவரான ஆண்ட்ரேய் அடிபட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்பாரே (எத்தனை முறை கேட்டாலும் மனசை அள்ளும் இடம்!), அந்த ஆஸ்டர்லிட்ஸ் சண்டையும் இப்படித்தான்: ரஷ்யர்களுக்கு நவம்பர் 20, மற்றவர்களுக்கு 1805 டிசம்பர் 2.

அடுத்து கிரிமியப் போர் நிகழ்ச்சிகளுக்குப் போனால் அங்கும் இதே 12 நாள் கணக்குதான். அந்தப் போரின் செவஸ்தோபோல் நகர முற்றுகையில் டால்ஸ்டாயே பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர், அவசியம் கேளுங்கள்.