எந்தப் புளிப்பு பீர் பத்து வருடம் தாங்கும்?

எங்கள் பத்தாவது கல்யாண நாளில் திறக்க ஒரு பெல்ஜியப் புளிப்பு பீர் இப்போதே வாங்கி வைக்க வேண்டும். எதை நம்பலாம்? (கென்ட்)

லேபிளில் 'அவுடே கூஸ்' என்று இருப்பதை வாங்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளை, அதாவது காற்றிலுள்ள ஈஸ்ட்டாலேயே புளிக்கவிட்ட பீர்களைக் கலந்து பாட்டிலில் அடைப்பது அது. இளசான லாம்பிக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளேயே தின்று நுரை கட்டும். அப்புறமும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் சாகாமல் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் 5 முதல் 7 சதவீத ஆல்கஹாலே இருந்தும் இவ்வளவு காலம் தாங்குகிறது. லெம்பேக் ஊரின் போன், பேர்செலின் 3 ஃபொன்டைனென், பிரஸ்ஸல்ஸின் கான்டியோன், இந்தத் தயாரிப்பாளர்களில் யாருடையது கிடைத்தாலும் சரி. ஒன்றுக்கு நான்காக வாங்கி, நடுவில் ஒன்றைத் திறந்து ருசி பாருங்கள்.

சூப்பர்மார்க்கெட்டில் இனிப்பு செர்ரி கிரீக் மலிவாகக் கிடைத்தது. ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். எத்தனை வருடம் வைக்கலாம்?

வைக்காதீர்கள். இனிப்பு சேர்த்து, சூடாக்கி, ஈஸ்ட்டை நிறுத்திய பீர் அது. பணம் கொடுக்கும் முன் லேபிளைப் படித்திருக்க வேண்டும். இந்தக் கோடையிலேயே குடித்துவிடுங்கள். இனிப்பு சேர்க்காத அவுடே கிரீக்கிலும் பழ வாசனை சில வருடங்களில் மங்கிவிடும்.

'பழைய வருடத்து கூஸ்' என்று நான்கு மடங்கு விலை கொடுத்தேன். நுரையே இல்லை, நனைந்த அட்டை வாசனை. "பழசு அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். (ஆன்ட்வெர்ப்)

அப்படி இல்லவே இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பாட்டில், கார்க், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய பீரில் நாம் காசு கொடுப்பது வருடத்துக்கு அல்ல, அதை வைத்திருந்த விதத்துக்கு. இருட்டும் 12, 13 டிகிரி குளிர்ச்சியும் இல்லாத வருடம் வெறும் கேடு. வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு 3 ஃபொன்டைனெனே சாட்சி: 2009இல் தெர்மோஸ்டாட் பழுதாகிக் கிடங்கு சூடேறியதில் பாட்டில்கள் வெடித்தன. மிஞ்சியதை பீராக விற்காமல் காய்ச்சி வடித்தார்கள். அது நேர்மை. ஆனால் கடைகளில்? வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் பச்சை பாட்டிலை வருடக்கணக்கில் நிறுத்திவிட்டு, அந்த வருடங்களுக்கும் விலை போடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் அப்படி ஒரு கடையில் நானும் வாங்கினேன். லேபிளின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. திறந்தால், வெளிச்சம் பட்டுக் கெட்ட பீரின் ஸ்கங்க் (நாற்றமடிக்கும் ஒரு விலங்கு) நாற்றம். லேபிள் வெளுத்திருந்தாலோ, கார்க் ஓரம் கசிந்திருந்தாலோ தொடாதீர்கள். "இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லத் தயங்குகிற கடையில் பழைய பாட்டில் வேண்டாம்.

ரோடன்பாக் கிராண்ட் குரு பீரை வைக்கலாமா?

ரூசலாரேயில் பெரிய ஓக் பீப்பாய்களில் ஊறவைத்து முடித்துத்தான் அனுப்புகிறார்கள். இப்போதே குடியுங்கள். பிளெமிஷ் பழுப்பு பீர்களில் ஒன்றை வைத்துப் பார்க்க ஆசை என்றால் லீஃப்மான்ஸ் கௌடன்பாண்ட் வாங்குங்கள். 8 சதவீதம், தாங்கும்.

பாட்டிலைப் படுக்க வைப்பதா, நிறுத்துவதா?

கார்க் என்றால் படுக்க வைக்கலாம். திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும்.