1 எச்.பி. மோட்டார் ஏன் 1,000 வாட் இழுக்கிறது?

கேள்வி: எங்கள் பம்ப் மோட்டாரில் 1 எச்.பி. (ஹார்ஸ் பவர், அதாவது குதிரைத்திறன்) என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 746 வாட்தானே? மீட்டரில் 1,000 வாட் காட்டுகிறது. கோளாறா? ஒரு குதிரை இழுக்கும் அளவுதான் இது இழுக்குமா?

கோளாறு இல்லை. மோட்டாரில் எழுதியிருக்கும் எச்.பி. என்பது ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், கிடைக்கும் திறன். மீட்டர் காட்டுவதோ உள்ளே போகும் மின்சாரம். கம்பிச் சுருள் (காயில்) சூடாவதிலும் பேரிங் உராய்விலும் ஒரு பங்கு போய்விடும். சின்ன மோட்டார்களில் முக்கால் பங்கு வெளியே வந்தாலே நல்லது. 746-ஐ 0.75-ஆல் வகுத்துப் பாருங்கள், 995 வரும். ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். வழக்கத்தைவிடத் திடீரென்று அதிகமாக இழுத்தால்தான் பேரிங்கையும் கெப்பாசிட்டரையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், குதிரை. நீராவி எஞ்சினை விற்ற ஜேம்ஸ் வாட், ஆலையில் செக்குச் சுற்றும் குதிரையை வைத்துப் போட்ட கணக்கு இது: சுமார் 76 கிலோவை ஒரு விநாடியில் 1 மீட்டர் தூக்கும் வேகம். நாள் முழுக்க இதே வேகத்தில் உழைப்பது பெரும்பாலான குதிரைகளுக்குக் கஷ்டம். ஆனால் சில விநாடி மூச்சைப் பிடித்து இழுத்தால் ஒரே குதிரை 10 எச்.பி.யையும் தாண்டும். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்காமல் எச்.பி.யை ஒப்பிட முடியாது என்பது இதனால்தான்.

உங்களையே அளந்து பாருங்கள். எடை 60 கிலோ, படிக்கட்டின் உயரம் 3 மீட்டர், ஏற 4 விநாடி என்றால் 60 × 9.8 × 3 ÷ 4 = 441 வாட், கிட்டத்தட்ட 0.6 எச்.பி. இதே வேகத்தில் பத்து மாடி ஏறிவிட முடியுமா? மணிக்கணக்கில் உடலுழைப்பு செய்பவர் தருவது 75 வாட், அதாவது 0.1 எச்.பி. அளவுதான். உங்கள் மோட்டாரோ 1 எச்.பி.யைத் தொடர்ந்து தரும்.

காரில் சொல்லும் எச்.பி. வேறு மாதிரி. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் உச்சம் அது. சீராக ஓட்டும்போது அதில் சிறு பங்கே செலவாகும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மோட்டாருக்கு ஜெனரேட்டர் வாங்கினால் 1,000 வாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு எகிறும். அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.