கஞ்சியை வடிக்காதீர்கள்: ஒரே சட்டியில் மரக்கறிப் பாஸ்தா

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினியில் பன்னிரண்டு வருடம் சமைத்தவள் நான். ஒரே சட்டியில் மரக்கறிப் பாஸ்தா செய்வது பற்றித் திருகோணமலைப் பிள்ளைகள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கேள்வி (உவர்மலை): அன்ரி, தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்? எனக்கு ஒன்றில் கூழாகிறது, இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது.

தம்பி, 250 கிராம் பாஸ்தாவுக்கு 700 மில்லிலீற்றர் கொதிநீர். மூன்று பேர் சாப்பிடலாம். அகன்ற சட்டியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அதனால் கேத்தலில் இன்னும் கொஞ்சம் கொதிநீர் பக்கத்தில் இருக்கட்டும். குறைந்தால் ஊற்றலாம், கூடினால் என்ன செய்வீர்கள்?

முதல் 2 நிமிடம் சட்டியை விட்டு நகராதீர்கள். பாஸ்தாவின் மேலுள்ள மாப்பொருள் அப்போதுதான் இளகிப் பசையாகிறது. கிளறாமல் விட்டால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு இடைக்கிடை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும்.

பதத்தைக் குமிழியில் பாருங்கள். தொடக்கத்தில் அது சிறிதாக, சடசடவென்று உடையும். 9, 10 நிமிடத்தில் தண்ணீர் வெளுத்துத் தடித்து, பெரிய குமிழி மெதுவாக எழுந்து பொளக்கென்று உடையும். அகப்பையால் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் 2 நிமிடம். தயங்கித் தயங்கி மூடினால் அடுப்பை அணைத்துவிடுங்கள், இருக்க இருக்க இறுகும்.

கேள்வி (சாம்பல்தீவு): சோறு வடிப்பதுபோல வடித்துவிட்டுப் பிறகு தாளித்தால் என்ன?

தாராளமாகச் செய்யலாம் பிள்ளை, ஆனால் அது வேறு சமையல். அதற்கு நிறையத் தண்ணீரும் லீற்றருக்கு 10 கிராம் உப்பும் வேண்டும். இந்த முறையில் கஞ்சிதான் குழம்பு. நானும் பழக்கதோஷத்தில் முதல் நாள் கஞ்சியை வடித்துக் கொட்டினேன். கோப்பையில் எண்ணெய் ஒரு பக்கம், பாஸ்தா ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அந்த மாப்பொருள். தண்ணீர் வெளியே போகாததால் உப்பு முக்கால் தேக்கரண்டியோடு நிற்கட்டும்.

கேள்வி (கிண்ணியா): மரக்கறிகளை எந்த ஒழுங்கில் போடுவது?

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் முதலில் எண்ணெயில் வதங்கட்டும். கரட்டும் போஞ்சியும் பாஸ்தாவோடு. கறிமிளகாய் கடைசி 4 நிமிடத்தில். கீரை, அடுப்பை அணைத்த பின். தக்காளியை அள்ளிப் போடாதீர்கள்; புளிப்பு மற்ற மரக்கறி வேகுவதைத் தாமதிக்கும், கரட் கடுக்கென்று நிற்கும்.

என் கைமருந்து பூசணி. 150 கிராமைச் சுண்டுவிரல் நகமளவுக்கு வெட்டி வெங்காயத்தோடு வதக்கிவிடுங்கள். பாஸ்தா வேகும்போது அது கரைந்து, மஞ்சளாக, கிரீம் விட்டதுபோல் வரும். கரட்டும் லீக்ஸும் நுவரெலியா மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். பூசணி நம் வெயிலிலேயே விளைகிறது.

கேள்வி (பாலையூற்று): சீஸ் வாங்கக் கட்டுப்படியாகாது. தேங்காய்ப்பால் விடலாமா?

விடலாம். முதற்பால் அரைக் கோப்பை, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கொதித்தால் திரைந்துவிடும். கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டால் சொதி வாசம் வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும். என் மகள் முகம் சுளிப்பாள்.

கேள்வி (நிலாவெளி): எந்தப் பாஸ்தா நல்லது?

பென்னே, சுருள் போன்ற குட்டையானவை. ஸ்பகெட்டி இந்த முறைக்குப் புதியவர்களைப் படுத்தும். பைக்கற்றில் டியூரம் கோதுமை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதில் புரதம் அதிகம், சீக்கிரம் குழையாது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். சாதாரணக் கோதுமை மக்கரோனி என்றால் தண்ணீரில் 100 மில்லிலீற்றர் குறைத்து, 2 நிமிடம் முன்னதாகவே ஒன்றைக் கடித்துப் பாருங்கள்.

கேள்வி (அன்புவழிபுரம்): மிஞ்சினால் காலையில் சாப்பிடலாமா?

இரவு முழுதும் மேசையில் மூடிவைத்ததைச் சாப்பிட வேண்டாம், தங்கச்சி. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். காலையில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். தேங்காய்ப்பால் விட்டதை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள்.