சித்திரை வெயிலும் காலி வீதிப் புகையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். எழுபது வயது கடந்த என் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. யன்னலைத் திறந்தால் வாகனப் புகை, மூடினால் புழுக்கம். வீட்டில் ஏசி இல்லை. என்ன செய்வது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வீதிப்பக்க யன்னலை நேரம் பார்த்து மூடுங்கள், கடற்பக்க யன்னலை மூட வேண்டாம். பங்குனி, சித்திரையில் பருவக்காற்று ஓய்ந்திருப்பதால் கொழும்பில் பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றுமே பெரும்பாலும் மாறி மாறி வீசுகின்றன. முற்பகலில் வெயில் ஏறியதும் மேற்கிலிருந்து வரும் காற்று உங்கள் வீட்டைத் தொட்ட பிறகுதான் காலி வீதியை அடைகிறது. கடலோர வீதியான மரைன் டிரைவில் ஓடும் வாகனங்களின் புகை சிறிது கலந்திருந்தாலும் அது ஒப்பீட்டளவில் நல்ல காற்றே. அதிகாலையிலோ காற்று நகரத்துப் புகையைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி மெல்ல நகரும். ஆகவே பாடசாலை வான்களும் அலுவலக வாகனங்களும் நெருக்கியடிக்கும் காலை வேளையில் மட்டும் வீதிப்பக்கம் அடைத்திருக்கட்டும்.

புகைக்கு அஞ்சி எல்லா யன்னல்களையும் நாள் முழுவதும் அடைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதுமையில் தாக உணர்வும் வியர்க்கும் ஆற்றலும் குறைந்துவிடுவதால், மூடிய அறையின் வெப்பம் அவருக்கு உடனடி ஆபத்தாக முடியலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீரோ மோரோ அடிக்கடி சிறிதளவு கொடுங்கள். இருதய நோய்க்காக நீரின் அளவை வைத்தியர் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செவ்விளநீரிலுள்ள பொட்டாசியமும் தீங்காகலாம். வெளிப்புகையைப் பற்றிக் கவலைப்படும் பல வீடுகளில் இரவு முழுவதும் நுளம்புச்சுருள் எரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் சேர்கிறது. ஆஸ்துமாக்காரர் உறங்கும் அறையில் இரண்டும் வேண்டாம், நுளம்புவலை கட்டுங்கள். சாம்பிராணியை நிறுத்துவது குறித்து மாமியாரிடம் பேசும் பொறுப்பை உங்கள் கணவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: வானிலை அறிக்கையில் 32 பாகை என்கிறார்கள், உடம்போ அதற்கு மேல் எரிகிறது. அறிக்கை தவறா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அறிக்கை சரியே; உங்கள் உடம்பு சொல்வதும் சரியே. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. 32 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 40 பாகை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று வெளியிடுவது இந்தக் கணக்கைத்தான். அது நிழலுக்குரிய கணக்கு என்பதையும், நேர்வெயிலில் நிற்பவர் உணரும் சூடு அதைவிடப் பல பாகை கூடும் என்பதையும் நினைவில் வைத்து, வெறும் வெப்பநிலைக்குப் பதிலாக அந்த எண்ணைப் பார்த்து வெளிவேலைகளைத் திட்டமிடுங்கள்.

கேள்வி: கோவிட் காலத்தில் வாங்கிய நீல நிற முகக்கவசம் புகைக்கும் போதுமா? (வாசகர், தெமட்டகொட)

பதில்: போதாது. 2.5 மைக்ரோமீற்றரும் அதனிலும் நுண்ணியதுமான துகள்கள் அதன் ஓரங்களின் இடைவெளியால் உள்ளே புகுந்துவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகையே பயன் தரும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்ட அளவுக்குக் காற்று கெட்டது நினைவிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கமிருந்து மாசைக் கொண்டுவரும் அத்தகைய நாட்களுக்கு என்95 அவசியம். சித்திரை வெயிலில் அதை நாள் முழுவதும் அணிந்து உழைப்பது கடினமாதலால், பஸ்ஸுக்காக வீதியோரத்தில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். சென்ற வாரம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமை ஒருவர் தலைசுற்றி விழுந்தார். மலையகத்திலிருந்து புதிதாக வந்த பையன். அடுத்த முறை நாங்கள் செய்ய வேண்டியது என்ன? (வாசகர், கொழும்பு 11)

பதில்: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால், நிழலில் கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, பொதியில் குறிப்பிட்டபடி கரைத்த ஜீவனி எனும் நீரிழப்புக்கான உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், அல்லது வலிப்பு வந்தால் அது வெப்பவாதம். உடல் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்க்கிறதே என்று ஏமாற வேண்டாம், பாரம் தூக்குகிறவர்களுக்கு அந்த நிலையிலும் வியர்க்கும். ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழைக்க, மற்றவர்கள் சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கிடைக்கும் அட்டையால் விடாமல் விசிற வேண்டும். பக்கத்துக் கடையில் ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோலும் இதற்குப் பயன்படாது. குறுக்குத் தெருக்களில் லொறிகள் நிற்கும் நேரத்தில் அம்பியூலன்ஸ் உள்ளே வரத் தாமதமாகும் என்பதால், அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது.

குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த உடல் கொழும்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை அந்தப் பையனுக்குக் காலை வேளையில் குறைந்த பாரம் கொடுத்து, நண்பகலில் கடைக்குள் வேலை கொடுங்கள். லொறிகளை முற்பகலுக்குள் வரச் சொல்ல உங்களால் முடியுமானால் மற்றவர்களுக்கும் அது உதவும்.